இங்கே கிழிக்கவும்

எண்ணெய் பாக்கெட்டின் மூலையில் குட்டியாக ஒரு கத்தரிக்கோல் படமும் பக்கத்திலேயே ஒரு புள்ளிக்கோடும் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கத்தரிக்கோல் கைக்கு அகப்படாத நேரத்தில் அந்த இடத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். ப்ளாஸ்டிக் நீளும், வெளுக்கும், விரல் வழுக்கும். கிழிய மட்டும் கிழியாது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஒரேயடியாகக் கிழிந்து அடுப்பு மேடைக்கு எண்ணெய் அபிஷேகம். பிஸ்கட் பாக்கெட்டைச் சுற்றி ஒரு சிவப்பு நாடா ஓடும், அதன் நுனியைக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கத்தரிக்கோலையே கெட்டி ப்ளாஸ்டிக்கில் அடைத்து விற்கிறார்கள், அதைப் பிரிக்க இன்னொரு கத்தரிக்கோல் வேண்டும். (எங்கள் வீட்டில் நடந்த உண்மைச் சம்பவம். தங்கமணி சாட்சி.)

இந்தப் பாக்கெட்டுகள் எப்போது, ஏன் நம் வீட்டுக்குள் வந்தன என்று கொஞ்ச நாளாகவே ஒரு குடைச்சல். பேங்க்கில் இருப்பவனுக்கு எதையும் முதல் என்ட்ரியிலிருந்து பார்த்தால்தான் திருப்தி. பார்த்ததில் கிடைத்ததை எழுதுகிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தல் இருக்கும், பொறுத்தருள்க.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சின்ன வயதில் மளிகைக் கடை என்றால் பொட்டலம்தான். பழைய நியூஸ் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, துவரம்பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்று. படக்கென்று அறுத்துக் கையில் கொடுப்பார். எண்ணெய்க்கு நாம்தான் தூக்கு கொண்டு போக வேண்டும். அம்மா பருப்பை அள்ளிப் பார்ப்பார், ஊதிப் பார்ப்பார், ஒன்றை எடுத்துக் கடித்தும் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் "இது வேணாம், அந்த மூட்டையைக் காட்டுங்க" என்று நகர்ந்துவிடுவார். பொட்டலத்தைப் பிரிக்க யாருக்கும் கத்தரிக்கோல் தேவைப்பட்டதாக ஞாபகமில்லை.

பி.காம். படிக்கும்போது வணிகச் சட்டத்தில் இதற்கு ஒரு பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். கேவியட் எம்ப்டர், அதாவது வாங்குபவனே உஷாராக இரு. 1930-ம் வருஷத்து பொருள் விற்பனைச் சட்டத்தில் 16-வது பிரிவு. பொருள் உன் கண் முன்னால் இருக்கிறது, பார்த்துதானே வாங்கினாய், பிறகு வந்து தரம் சரியில்லை என்று அழாதே என்பது அதன் சாரம். விதிவிலக்குகளும் உண்டு, பரீட்சைக்கு அதைத்தான் கேட்பார்கள் :-) அன்றைக்கு ஒரு வரி மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது யோசித்தால், அந்தச் சட்டம் அம்மா பருப்பைக் கடித்துப் பார்க்கும் உலகத்துக்காக எழுதப்பட்டது. ஒட்டி மூடிய பாக்கெட்டில் எதைக் கடித்துப் பார்ப்பது?

பொட்டலக் காலம் பொற்காலம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல் கலப்பது, எடைக்கல்லில் வித்தை, தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவது எல்லாம் அன்றைக்கும் உண்டு. 1998-ல் டெல்லியில் நடந்தது அதைவிடப் பயங்கரம். கடுகெண்ணெயில் ஆர்ஜிமோன் என்ற காட்டுச்செடி விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம் ஊர்த் தரிசில் மஞ்சள் பூ பூக்கும் பிரம்மதண்டு என்கிறோமே, அதுவேதான். சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது, இதயம் பாதித்தது. அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த வருஷமே மத்திய அரசு சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று ஆணை போட்டது. நம் அடுப்பு மேடையில் வழுக்கும் அந்த எண்ணெய் பாக்கெட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு சாவுக் கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவிலும் கதை இதே மாதிரிதான். 1982-ல் சிகாகோவில் டைலெனால் மாத்திரை டப்பாவுக்குள் யாரோ சயனைடு வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். கடையில் இருக்கும்போதே யாரும் திறந்து மூடிவிட முடியாதபடி சீல் வேண்டும் என்ற விதி அதற்கப்புறம்தான் வந்தது.

பாக்கெட் கிழியாததற்குப் பொருளியலும் ஒரு காரணம். (எகனாமிக்ஸ் இல்லை, மெட்டீரியல்.) வெளியே அச்சடிக்க ஒரு படலம், நடுவில் காற்றும் ஈரமும் புகாமல் இருக்க அலுமினியம் மாதிரி ஒரு படலம், உள்ளே சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ள பாலித்தீன். மூன்றையும் சேர்த்து ஒட்டினால் வருவதுதான் ஷாம்பு கவர், சிப்ஸ் கவர் எல்லாம். இந்தப் படலம் இழுவிசைக்குச் சுலபத்தில் மசியாது. ஆனால் விளிம்பில் துளியூண்டு வெட்டு இருந்தால் போதும், இழுக்கிற பலம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து சர்ரென்று கிழிந்துவிடும். ஓரத்தில் இருக்கும் 'வி' வடிவ வெட்டு அதற்காகத்தான். அந்த வெட்டு ஒட்டிய விளிம்போடு நின்றுவிட்டாலோ, இடம் மாறி விழுந்தாலோ, நம் பல்தான் கதி.

பல் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. இந்தியாவின் சாஷே புரட்சி கடலூரில்தான் ஆரம்பித்தது தெரியுமோ? கடலூர் சின்னிகிருஷ்ணன் டால்கம் பவுடர், எப்சம் சால்ட் போன்றவற்றைச் சின்னச் சின்ன அளவில் கட்டி விற்க முயன்றார். பணக்காரர் வாங்கும் சாமானைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவர் மகன் சி.கே.ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு மகன்கள் வெல்வெட் ஷாம்புவை சாஷேயில் கொண்டுவந்தார்கள். ரங்கநாதன் 1983-ல் தனியாக வந்து 15,000 ரூபாயில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். சிக் என்பது அப்பா பெயரின் சுருக்கம். அந்தக் கம்பெனிதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது.

அவர் செய்த ஒரு காரியம் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. எந்தக் கம்பெனி காலி ஷாம்பு கவர் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிக் கவர்தான் செல்லும் என்று மாற்றினார். மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் வைக்க வேண்டிய வித்தை. இதில் எனக்கு மரியாதைதான். தலைக்கு ஷாம்பு போடுவது டவுன்காரர்களின் சமாச்சாரமாக இருந்ததை, ஐம்பது பைசாவுக்கு எல்லார் வீட்டுக் கிணற்றடிக்கும் கொண்டுவந்தது அந்தக் கவர். அதே கவர்கள் கெடிலம் ஆற்றங்கரையில் மக்காமல் கிடப்பதும் நிஜம்தான், அது தனியாக எழுத வேண்டிய பாவக் கணக்கு.

இனி பெங்களூருக்கு வருவோம். வேலை நிமித்தமாக அல்சூருக்கு வந்து குடியேறியவன் நான். 1809-ல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் போட்ட நாளிலிருந்து தமிழர்கள் வந்து இறங்கிய பேட்டை இது. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம், 2009-ல் திறந்த வள்ளுவர் சிலை, மார்க்கெட்டில் "இன்னாண்ணா வேணும்" என்ற வட ஆற்காட்டுத் தமிழ் என்று ஊரை விட்டு வந்த துக்கம் பாதி தீர்ந்துவிடும். பாக்கெட் வரலாற்றிலும் பெங்களூருக்கு ஒரு பக்கம் உண்டு. எமர்ஜென்சி சமயத்தில் ஓட்டல் பண்டங்களின் விலையைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் கெடுபிடி செய்தது. அந்த விலைக்குத் தரமாகக் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று லால்பாக் பக்கத்து எம்.டி.ஆர். ஓட்டலைக் கொஞ்ச காலம் மூடிவிட்டு, ரவா இட்லி மிக்ஸ் மாதிரி மாவுகளைப் பாக்கெட்டில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். இன்று கடல் தாண்டிப் போகும் நம்மவர் பெட்டியிலெல்லாம் இருக்கும் இன்ஸ்டன்ட் மிக்ஸுக்கு அப்படி ஒரு பூர்வீகம்.

அதே சமயத்தில்தான், 1976-ல் எடை அளவுத் தரச் சட்டமும், 1977-ல் பாக்கெட் பொருட்களுக்கான விதிகளும் வந்தன. உள்ளே இருப்பதைத் தொட முடியாது, முகர முடியாது, ஆகவே தயாரித்தவர் யார், எத்தனை கிராம், எந்த மாதம் அடைத்தது, என்ன விலை என்று வெளியே எழுதியாக வேண்டும். பருப்பைக் கடித்துப் பார்க்கும் உரிமை போய், அதற்குப் பதிலாக எழுத்து கிடைத்தது.

கிடைத்த எழுத்திலும் ஓட்டை. "உள்ளூர் வரி தனி" என்று போட்டுக்கொள்ள அப்போது அனுமதி இருந்தது. வரி எவ்வளவு என்று வாங்குபவருக்கு எங்கே தெரியும்? கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். 1990-ல்தான் விதியைத் திருத்தி, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலையைப் போட வேண்டும் என்றார்கள். நாம் எம்.ஆர்.பி. என்று சண்டை போடுகிறோமே, அந்த ஆயுதம் அப்போது வந்ததுதான். அது அதிகபட்ச விலை, அதற்குக் கீழே கேட்டு வாங்கலாம் என்பதையும் நாம் மறந்துவிட்டோம். இப்போது இருப்பது 2009-ம் வருஷத்துச் சட்டமும் 2011-ம் வருஷத்து விதிகளும்.

எண்களில் நடக்கும் வித்தைகளைப் பார்த்தால் பேங்க்காரனான எனக்கே மலைப்பாக இருக்கிறது. எண்ணெயை லிட்டரில் போடுவார்கள். சூடானால் எண்ணெய் விரியும், ஒரு லிட்டரின் எடை குறையும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம் என்றால் 60 டிகிரியில் 893 கிராம்தான். சில கம்பெனிகள் "60 டிகிரியில் ஒரு லிட்டர்" என்று பொடி எழுத்தில் போட்டுக் கொண்டிருந்தன. 60 டிகிரியில் யார் வீட்டு அலமாரி இருக்கிறது, சொல்லுங்கள்? 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை, வெப்பநிலை போடாமல் அளவைச் சொல்லுங்கள், எடையையும் கூடவே போடுங்கள் என்று கெடு வைத்தது.

நம் திருவள்ளூர் கதை இன்னும் ருசி. தெருவில் திரியும் ஜீவன்களுக்குப் போட ஒருவர் 2021 டிசம்பரில் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கட் வாங்கினார். பாக்கெட்டில் 16 என்று போட்டிருந்தது, உள்ளே 15. முக்கால் ரூபாய் பிஸ்கட் ஒன்றுதானே என்று விட்டுவிடவில்லை. கம்பெனி ஒரு நாளைக்கு ஐம்பது லட்சம் பாக்கெட் போடுகிறது, ஆக தினம் 29 லட்ச ரூபாய்க்கு மேல் ஏமாற்று என்று கணக்கோடு திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். (இப்படி ஒருவர் எங்கள் கிளைக்கு ஆடிட்டராக வந்தால் நான் லீவு போட்டுவிடுவேன்.) நாங்கள் எண்ணிக்கையில் விற்கவில்லை, 76 கிராம் எடையில்தான் விற்கிறோம் என்றது ஐ.டி.சி. தரப்பு. எடை போட்டுப் பார்த்தால் 74 கிராம். நாலரை கிராம் வரை வித்தியாசத்துக்கு விதியில் இடம் உண்டே என்றார்கள். அது ஆவியாகிற மாதிரிப் பொருளுக்கு, பிஸ்கட்டுக்கு இல்லை என்று சொல்லி, ஒரு லட்சம் நஷ்ட ஈடும் பத்தாயிரம் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது ஆணையம். இது 2023-ல்.

பால் பாக்கெட்டையும் விட்டுவைக்கக் கூடாது. 2024 ஜூனில் இங்கே நந்தினி பால் லிட்டர் பாக்கெட்டில் 50 மில்லி கூட்டி 42 ரூபாயை 44 ஆக்கினார்கள். கணக்குப் போட்டால் லிட்டர் 41.90, நியாயம்தான். 2025 ஏப்ரலில் அந்த 50 மில்லி போய்விட்டது, விலை லிட்டர் 46. எல்லாம் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள், ஒளிவு மறைவில்லை. ஆனாலும் ஏப்ரல் மாதம் கூடியது எவ்வளவு என்று கேட்டால் அல்சூரில் பாதிப் பேர் ரெண்டு ரூபாய் என்றுதான் சொல்வார்கள். பாக்கெட்டில் கூடியது ரெண்டு, லிட்டருக்கு நாலு. பிஸ்கட், டீத்தூள் இத்யாதிகளை இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு, ஒரு கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்று போடச் சொன்னார்கள். மளிகை வாங்கும்போது நான் பார்ப்பது அந்த எண்ணைத்தான். நீங்களும் தேடிப் பாருங்கள், விலைக்குப் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும்.

எடை விஷயத்தைக்கூடத் தராசு வைத்துப் பிடித்துவிடலாம். முன்பக்க வாய்ச்சவடாலை என்ன செய்வது? தாவர எண்ணெயில் இயல்பாகவே கொழுப்பு வகையான கொலஸ்ட்ரால் கணிசமாகக் கிடையாது. அதை ஏதோ தாங்கள் கஷ்டப்பட்டு நீக்கியது போல இதயப் படத்தோடு "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எத்தனை வருஷம் போட்டார்கள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லிக்கு, மாதர் சங்கமெல்லாம் புகார் கொடுத்து, 2020-ல்தான் பெயர் மாறியது. உயரமாக வளருவாய், பலசாலி ஆவாய், புத்திசாலி ஆவாய் என்று சொன்ன ஹார்லிக்ஸ் விளம்பரம் 2008-ல் பிரிட்டனில் ஒளிபரப்பானபோது, ஆதாரம் எங்கே என்று கேட்டு அங்கே நிறுத்திவிட்டார்கள். இங்கே "ஹெல்த் டிரிங்க்" என்ற வகைப்பெயரே கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தகத் துறை சொன்னது 2024 ஏப்ரலில். ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுந்து போட்டு வைத்த பரம்பரை நாம், அதனால் அந்தச் செய்தி படித்தபோது லேசாக வலிக்கத்தான் செய்தது.

ஆனால் வலி தாண்டி எனக்குக் கோபம் வந்தது ஓ.ஆர்.எஸ். விஷயத்தில்தான்.

1971 வங்கதேசப் போர். எல்லை ஊரான பன்காவ்ன் அகதி முகாமில் காலரா. தரையில் வரிசையாக ஜனங்கள், ஏற்ற க்ளுக்கோஸ் பாட்டில் இல்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ், உப்பும் க்ளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலை வாய்வழியாகக் கொடுக்க முடிவெடுத்தார். கல்கத்தாவில் பொடிகளை எடை போட்டு, பாலித்தீன் பைகளில் நிரப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். எப்படிக் கரைப்பது என்று மேலே சீட்டு. லிட்டருக்குப் பதினோரு பைசா செலவு. முப்பது சதவிகிதம் வரை இருந்த சாவு நாலு சதவிகிதத்துக்கும் கீழே வந்தது. அவர் 2022-ல் காலமானார், மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். சாஷே என்ற சாமானுக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் க்ளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 பொட்டாசியம் குளோரைடு, 2.9 சிட்ரேட். சர்க்கரை அதிகமானால் குடல் இன்னும் தண்ணீரை உள்ளே இழுத்து வயிற்றுப்போக்கு கூடும். அப்படியிருக்க, பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தைச் சேர்த்துக்கொண்டு, சர்க்கரை பல மடங்கு உள்ள பழ ருசி பானங்கள் மருந்துக்கடையில், நிஜ ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பக்கத்திலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் இதற்காக மல்லுக்கட்டினார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஏப்ரலில் கூடாது என்றது. அதே வருஷம் ஜூலையில், "இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல" என்று ஒரு வரி போட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இளகியது. முன்னால் பெரிதாக ஆம், பின்னால் பொடியாக இல்லை! 2025 அக்டோபர் 14-ல்தான் அந்தச் சலுகையை ரத்து செய்தது.

அந்த மூன்று வருஷத்தில் அந்த "அல்ல" என்ற வரியை யார் படித்திருப்பார்கள்? 2011 விதிப்படி, பாக்கெட்டில் கட்டாயமாகச் சொல்ல வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். மற்ற மொழி கம்பெனியின் விருப்பம். உணவு லேபிள் விதியும் அப்படியே. எழுத்து ஒரு மில்லிமீட்டர் உயரம் இருந்தால் சரி. விளம்பரம் மட்டும் சுத்தமான தமிழில், பாட்டோடு, வீட்டுக்குள் வந்து சொல்கிறது. பருப்பைக் கடித்துப் பார்த்த என் அம்மாவுக்குத் தமிழ் அட்சர சுத்தமாகப் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. கடலூரில் தனியாக இருக்கிறார். சர்க்கரை வியாதி வேறு. அவருக்குப் புரிகிற பாஷையில் சவடால், புரியாத பாஷையில் உண்மை.

கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில், இந்த மாநிலத்தில் தயாராகும் பொருட்களின் பெயரும் உபயோகிக்கும் முறையும் பாக்கெட்டில் கன்னடத்திலும் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இங்கே இருக்கும் தமிழர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மாவைப் போல ஒரு கன்னடத்து அம்மா தும்கூரிலோ மண்டியாவிலோ இருப்பார் இல்லையா. நம் ஊரிலும் தமிழில் கட்டாயம் என்று வந்தால், சர்க்கரை எத்தனை கிராம் என்ற அந்த ஒரு வரியாவது வந்தால், எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்று மிச்சமாகும்.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான். பக்கத்து வீட்டுப் பெண் புதுசாக வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பும். நான் அல்சூரில் உட்கார்ந்து பெரிதாக்கிப் படித்து, போனில் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். போன வாரம் வந்தது ஒரு "சர்க்கரை சேர்க்காத" சத்துமாவு. மூலப்பொருட்களில் நாலாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தது. அப்படின்னா என்னப்பா என்றார். ஸ்டார்ச்சை உடைத்துச் செய்கிற மாவு, சர்க்கரை மாதிரியே ரத்தத்தில் சீக்கிரம் ஏறும், உங்களுக்கு வேண்டாம்மா என்றேன். "அதை முன்னாடி போட்டா என்னவாம்?" என்றார். ஏற்கெனவே பல்லால் கடித்துத் திறந்துவிட்டாராம், கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.